ரஞ்சிதம் அக்காவின் மேலதிக நான்கு நிமிடங்கள்

ரஞ்சிதம் அக்கா காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விற்கும் ஒருவர். பாரை மீனை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல், உங்களுடைய நியூஸ் நோனா, அந்தச் செய்தி அம்மா, நேற்றுப் போய்விட்டார், தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் அக்காவோடு ஒரே மேசையில் இருந்து செய்தி எழுதியவன் நான். மீனை அப்படியே விட்டுவிட்டு அவருடைய மாடி வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஃபாரூக் ஏற்கெனவே வந்து நின்றான். எங்கள் செய்திகளின் படங்களை வெட்டி ஒட்டியவன். அவனுக்கும் கிராண்ட்பாஸில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் சொல்லித்தான் தெரியுமாம்.

"நியூஸ் டெஸ்க் முழுசா வந்திரிச்சு," என்றான்.

முழுவதும் என்றால் அவனும் நானும்தான். மூன்றாவது ஆள் கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தார்.

மனோரஞ்சிதம் நல்லையா என்ற பெயரில் அவரை உங்களில் பலர் இடுப்புக்கு மேலேதான் அறிவீர்கள். மாலை ஏழு மணிக்குப் பட்டுச் சேலையும் திருநீற்றுக் கீற்றுமாகத் திரையில் தோன்றி, யுத்தம் எங்கே நடக்கிறது, எந்த வீதி பூட்டப்பட்டிருக்கிறது, நாளைக்கு எந்த ரயில் ஓடாது என்றெல்லாம் ஒரே குரலில் சொன்னவர். இடுப்புக்குக் கீழே என்ன இருந்தது என்பதை நாங்கள் மட்டுமே அறிவோம். கலையகத்தின் குளிர் அவருக்கு ஒத்துவராது. ஆகவே மேசைக்குக் கீழே கணவரின் கம்பளிக் காலுறை இரண்டு சோடியும், அதற்கு மேல் இறப்பர்ச் செருப்பும் போட்டிருப்பார். ஒருநாள் நேர்காணலுக்கு வந்த ஒரு பேராசிரியர் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்த பிறகு அவர் அக்காவின் ஒரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

அக்கா விண்ணப்பம் போட்டு வந்தவர் அல்லர். எங்கள் தொலைக்காட்சி நிலையத்தை ஆரம்பித்தவர் ஒரு புடைவைக்கடை முதலாளி. அப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்த அக்கா, ஒரு மாலை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாராம். தற்செயலாக முதலாளியே எடுத்திருக்கிறார். "உங்கட வாசிப்பாளர் மழையை மூண்டு விதமாச் சொல்லுறார். மூண்டும் பிழை," என்று அக்கா சொன்னார். பேச்சை முடிக்க வேண்டுமென்பதற்காக முதலாளி, அப்படியென்றால் நீங்களே வந்து வாசியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். தான் அப்படிச் சொன்னதாக முதலாளிக்கு ஞாபகம் இல்லை. சொல்லவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை. அதுதான் அவருடைய நியமனம்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த நான் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தபோது தமிழ்ச் செய்திப் பிரிவில் ஏழு பேர் இருந்தோம். பிறகு ஒருநாள் நிலையம் விற்கப்பட்டது. அந்தச் செய்தி எங்கள் செய்திப் பிரிவுக்குத் தெரியாது. தேநீர் போடும் பியசேனவுக்குத்தான் முதலில் தெரிந்தது, ஏனென்றால் அன்று காலை அவருக்கு வந்த பிஸ்கற் பெட்டிகள் எல்லாம் ஒரே கம்பனியின் பிஸ்கற்றாக இருந்தன. எங்களை வாங்கியவர்கள் அவர்கள்தான். ஒரு வாரத்துக்குள் செய்தியின் பெயர் மாறியது. அக்காவின் பின்னால் இருந்த நீலத் திரை போய், கிறீம் கிறக்கர் உறையின் சிவப்பு வந்தது. நான்கு பேருக்கு நன்றிக் கடிதமும் ஆளுக்கொரு பிஸ்கற் ரின்னும் கொடுத்து அனுப்பினார்கள். மிஞ்சியது அக்காவும் நானும் ஃபாரூக்கும். மற்றவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்த அக்கா, நான்கு மேசைகளிலும் கிடந்த அகராதிகளைப் பொறுக்கித் தன் மேசையில் அடுக்கினார். "ஆக்கள் குறைஞ்சா சொல்லும் குறையவேணுமெண்டு இல்லைத்தானே," என்றார்.

புதிய முகாமையாளராக வந்த ஜயசேகர கெட்ட மனிதர் அல்லர். இருபது வருடம் பிஸ்கற் தொழிற்சாலையில் இருந்தவர். ஒரே உறைக்குள் ஒரே நிறைதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். வந்த இரண்டாம் வாரம் ஒரு நிறுத்தற்கடிகாரத்தோடு கலையகத்தில் நின்றார். சிங்களச் செய்தி பதினைந்து நிமிடம். அதையே மொழிபெயர்த்த தமிழ்ச் செய்தி பத்தொன்பது நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

தமிழில் சொற்கள் நீளம் என்று அக்கா விளக்கினார். அவர் நம்பவில்லை. அக்கா ஒரு வெள்ளைத் தாளில் 'அறிவிக்கப்பட்டிருக்கின்றது' என்று பெரிதாக எழுதி அவர் முன்னால் வைத்தார். இதைக் குறைக்க வேண்டுமென்றால் எந்தப் பக்கத்தால் வெட்டலாம் என்று நீங்களே காட்டுங்கள் என்றார். ஜயசேகர அதை உண்மையான அக்கறையோடு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இடம் பிடிபடவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவருடையது அல்ல என்பது பிறகு தெரிந்தது. மேலிடத்தில் யாரோ அவரிடம் கேட்டிருந்தார்கள்: உங்களுடைய தமிழர்கள் அந்த நான்கு நிமிடத்தில் யாருக்கு என்ன சொல்கிறார்கள்? கடைக்குப் போவதென்றாலும் தமிழர்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன காலம் அது. அப்படி ஒரு கேள்வி எழுந்தால், அதற்கு விடை தேட ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஜயசேகரவும் பயந்துபோயிருந்தார். திங்கட்கிழமை முதல் பதினைந்து நிமிடம். இல்லாவிட்டால் தமிழ்ச் செய்தியை நிறுத்திவிட்டு ஏழு மணிக்கு ஒரு தொடர் நாடகம் போடுவதாகச் சொன்னார்.

நான் சில செய்திகளை வெட்டலாம் என்றேன். ரயில் நேரங்களை விட்டாலே ஒரு நிமிடம் மிச்சம். அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வெட்டலாம் தம்பி. ஸ்டேசனில வந்து நிக்கிற சனத்துக்கு ரெயில் இல்லையெண்டு நீர் போய்ச் சொல்லுவீரோ?"

வெட்டவில்லை. வேகமாக வாசிப்பதென்று முடிவு செய்தார். சனியும் ஞாயிறும் வீட்டில் கணவர் நல்லையா அண்ணர் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, அக்கா பழைய செய்திகளை எடுத்து ஓட்ட ஓட்டமாக வாசித்துப் பழகினார்.

திங்கட்கிழமை பதினைந்து நிமிடம் பத்து விநாடி. ஒரு சொல்லும் தடக்கவில்லை. ஒரு றகரமும் கெடவில்லை. கடைசியில் வணக்கம் சொன்னபோது நெற்றியில் வியர்வை. அந்தக் கலையகத்தில் அவருக்கு வியர்த்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். ஜயசேகர கைதட்டினார்.

அதோடு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஹெவ்லொக் டவுனில் இருந்து ஒரு பெரியவர், கலையகத்தில் நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டார். அடுத்து ஒரு பெண். அவர் கேட்டது எனக்கு விளங்கவில்லை: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்போதே வெளிக்கிடுவதா, காலையில் வெளிக்கிட்டால் போதுமா? எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்றார். ஐந்தாவது அழைப்பில்தான் எங்களுக்கு உறைத்தது. வெள்ளவத்தைக் கடைகளில் பாண் விற்றுத் தீர்ந்துவிட்டது. மெழுகுதிரி முடிந்துவிட்டது. காலி வீதியில் கடைகள் பாதிக் கதவை இறக்கிவிட்டன. "செய்தி வாசிக்கிற அம்மா அவசரமா வீட்டுக்கு ஓடுறா. அவவுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு," என்று ஒருவர் சொல்ல, அது வீதி முழுக்கப் பரவியிருக்கிறது. செய்தியில் ஒன்றும் இருக்கவில்லை. அதன் முக்கிய பகுதி தேங்காய் ஏற்றுமதி.

மறுநாள் காலை மேலிடத்தில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜயசேகரவின் அறையில் எங்கள் மூவரையும் நிற்கவைத்தார்கள். ஃபாரூக் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். நான் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதிகாரியின் கையில் ஒலிநாடாவும் இரண்டு மொழிப் பிரதிகளும் இருந்தன. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி பார்த்துவிட்டார்களாம். ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம். சொற்களில் ஒன்றும் இல்லையென்றால் செய்தி வேகத்தில்தான் இருக்க வேண்டும். இந்த வேகம் யாருக்கான சைகை என்று கேட்டார்.

அக்கா நல்ல சிங்களம் பேசுவார். "வேகமாக வாசித்தது நான். ஏன் என்பதைச் சொல்லச் சரியானவர் இந்த அறையில் இருக்கிறார்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

எல்லோரும் ஜயசேகரவைப் பார்த்தோம். பாவம், அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நிறுத்தற்கடிகாரத்தை மேசையில் வைத்தார். தமிழ் அப்படித்தான் சேர், நான் இரண்டு வாரம் அளந்து பார்த்தேன், உள்ளே வேறு ஒன்றும் இல்லை, மொழியே நீளம் என்றார். அதிகாரி நம்பாமல் பார்த்தார். ஜயசேகர அக்காவை ஒரு செய்தியை இரண்டு மொழியிலும் வாசிக்கச் சொன்னார். அக்கா தேங்காய் ஏற்றுமதியை முதலில் சிங்களத்தில் வாசித்தார், பிறகு தமிழில், வழமையான நிதானத்தில். கடிகாரத்தை அதிகாரியே பிடித்தார். நீளம்தான். பிறகு ஜயசேகர எங்கிருந்தோ அந்தத் தாளைத் தேடி எடுத்து, 'அறிவிக்கப்பட்டிருக்கின்றது' என்ற சொல்லை அதிகாரிக்குக் காட்டி, எங்கே வெட்டுவீர்கள் என்று கேட்டதுதான் எங்களால் தாங்க முடியாமல் போனது. ஃபாரூக் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான்.

இதையெல்லாம் எழுத்தில் தரும்படி அதிகாரி கேட்டார். ஜயசேகர பிஸ்கற் கம்பனியின் கடிதத்தாளில் எழுதினார்: தமிழ்ச் செய்தி, அதே செய்தியாக இருந்தபோதிலும், சிங்களச் செய்தியைவிட நான்கு நிமிடம் நீளமானது; இது மொழியின் இயல்பு; மேலதிகமாக அதில் எதுவும் இல்லை. கையொப்பம், முத்திரை. தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கினார். அன்று மாலை முதல் செய்தி மறுபடியும் பத்தொன்பது நிமிடம்.

வெளியே வந்ததும், ஜயசேகரதான் பதினைந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னவர் என்று நேரடியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நான் சொன்னா அது முறைப்பாடு. அவர் சொன்னா அது சாட்சியம்," என்றார்.

பிஸ்கற்காரர்கள் இரண்டு வருடத்தில் சலித்துப்போய் நிலையத்தை வாகன இறக்குமதியாளர்களுக்கு விற்றார்கள். புதிய முகாமையாளர் வந்து, தமிழ் ஏன் நீளம் என்று வாயைத் திறந்ததும் அக்கா கைப்பையைத் திறந்தார். அந்தக் கடிதத்தைப் படித்த அவர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் ஃபாரூக்கைப் பாதி நேரம் விளையாட்டுப் பிரிவுக்கு எடுத்துவிட்டார்கள். ஏழு பேர் செய்ததை இரண்டரைப் பேர் செய்தோம். முன்பெல்லாம் ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்ப்பார். அது நின்றுபோனது.

நகரில் குண்டு வெடித்த ஒருநாள், வைத்தியசாலையில் இருந்து இரண்டு பட்டியல் தொலைநகலில் வந்தது. ஒன்று இறந்தவர்கள், மற்றது காயப்பட்டவர்கள். ஆறு ஐம்பதுக்கு நான் அவசர அவசரமாகத் தமிழில் எழுதினேன். ஏழு மணிக்கு அக்கா வாசித்தார். எட்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒருவர் அழைத்து, செல்வராசா சாகவில்லை, கையில் கட்டோடு வீட்டில் இருக்கிறார் என்றார். ஒரு பெயரைப் பட்டியல் மாற்றி எழுதியிருந்தேன். ஒன்பது மணிச் சுருக்கத்தில் அக்கா திருத்தம் வாசித்தார். நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு அவர் ஒரு முச்சக்கரவண்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

என்னையும் ஏற்றிக்கொண்டு செல்வராசாவின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது செல்வராசாவேதான். இடுப்பில் சாரத்தோடு, வாய் நிறைய ரொட்டியோடு. அக்காவைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"தம்பி, நேற்று உங்கட பெயரைச் செத்த ஆக்களோட வாசிச்சுப் போட்டன். அது என்ர பிழை. மன்னிக்கவேணும்," என்றார் அக்கா, வாசலில் நின்றபடியே.

செல்வராசா உள்ளே திரும்பிப் பார்த்தார். பாயில் இன்னொருவர், கண் வீங்கி, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிங்கம்மா. அஞ்சு வருஷமா பேச்சு வார்த்த இல்ல. நேத்து நியூஸ கேட்டுட்டு கிராண்ட்பாஸ்ல இருந்து அழுதுகிட்டே ஓடி வந்திருக்கான். நான் சோறு தின்னுகிட்டு இருக்கேன்."

"செத்துட்டான்னுதான் வந்தேன்," என்றார் தம்பி, நிமிர்ந்து பார்க்காமல்.

நான் சிரித்துவிட்டேன். செல்வராசாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நல்லது, என்றாலும் பிழை பிழைதான் என்று சொல்லி அங்கேயே நின்றார். மன்னித்துவிட்டேன் அம்மா, உட்காருங்கள் என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் உள்ளே போய்த் தேநீர் குடித்தார். சகோதரர்கள் இருவருக்கும் இடையில் உட்கார்ந்து, காயத்தைப் பற்றி விசாரித்தார். தம்பிக்காரரிடம் எங்கே வேலை என்று கேட்டார். ஒரு ரொட்டியும் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது முச்சக்கரவண்டியில், பெயரை மாற்றி எழுதியது நான்தானே அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். முடிக்க விடவில்லை.

"வாசிச்சது ஆர்?"

"நீங்கள்."

"அப்ப சரி," என்றார்.

பிழை யாருடையது என்பதை அக்கா அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நல்லையா அண்ணருக்குக்கூடச் சொல்லவில்லை என்பது சாவு வீட்டில் அவரோடு கதைத்தபோதுதான் தெரிந்தது. அக்காவின் ஒரேயொரு பெரிய பிழை என்று அந்தச் சம்பவத்தை அவர் என்னிடமே விவரித்தார். அது அக்காவுடைய பிழை அல்ல, என்னுடையது என்று அங்கேயே சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய உச்சரிப்பு அல்ல. அது எனக்கு வராது. பிழை விட்டால் ஆளின் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும், மன்னித்தேன் என்று கேட்கும்வரை உட்காரக்கூடாது என்பதைத்தான் வைத்திருக்கிறேன். எல்லா முறையும் போனதில்லை. போன வாசல்கள் எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கின்றன.