மாடு தின்ற குடிசை

யுத்த காலத்தில் ஒரு வருஷம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ராகித்தாள் போர் அடி தெரியக் கரைந்துவிட்டது. கட்டுத்தறியில் செவலைப்பசு கத்தும். தொட்டிலில் தம்பி கத்துவான். அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை, செவலையின் பால்தான் அவனுக்கு உயிர். அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளாது. தொட்டிலுக்கும் கட்டுத்தறிக்கும் ஓடிக்கொண்டே இருப்பேன்.

பாலக்கோட்டில் கிணற்றுப் பாசனம் வைத்திருந்த தாய்மாமனிடம் சோளத்தட்டும் தோகையுமாகத் தீவனம் கிடந்தது. ஆனால் அப்பாவுக்கும் அவருக்கும் என்னவோ மனத்தாங்கல். "அவனூட்டுத் தட்டு ஒண்ணுகூட எங் கட்டுத்தறிக்கு வரக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். ரோஷத்தைத் தின்று மாடு பால் கறக்குமா?

அப்போதுதான் அக்கா பெரியவளானாள். வயசுக்கு வந்த பெண் தனியாக உட்கார முற்றத்தில் குடிசை கட்டித் தருவது தாய்மாமன் முறை. எந்தக் கோபக்காரராலும் அதைத் தடுக்க முடியாது. மாமன் வண்டி நிறையக் கரும்புத் தோகையும் சோளத்தட்டும் கொண்டுவந்து இறக்கினார்.

"இத்தனை எதுக்குடா?" என்றாள் அம்மா.

"எம் மருமவளுக்கு வெயிலு படக்கூடாதுக்கா."

கட்டினார் பாருங்கள், வைக்கோல் போர் மாதிரி ஒரு குடிசை!

சடங்கு முடிந்ததும் அதைக் கொளுத்திவிட வேண்டும். அதுவரை மாடு வாய் வைக்காமல் காக்க நான் கம்போடு நின்றேன். நின்று என்ன? மறுநாளே பின்பக்கம் ஓட்டை. உள்ளேயிருந்து அக்கா ஒவ்வொரு தட்டாக உருவிச் செவலைக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, தீட்டுடி! அப்பாகிட்ட சொல்லிருவேன்!"

"போய்ச் சொல்லு. தம்பி அழுவறது உங் காதுல வுழலையா?"

அப்பாவிடம் ஓடினேன். "மாடு குடிசையத் திங்குதுப்பா!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "மாட்டுக்கு வெயிலு. நெழலுல மாத்திக் கட்டணும்" என்று முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய், குடிசையை ஒட்டியே அடித்தார்.

சில நாளில் மாமன் மறுபடி வண்டி நிறையத் தட்டோடு வந்து அப்பாவிடம் சொன்னார். "குடிசை பழுதாயிருச்சுங்க மாமா."

"உம் மொறை, நீ பாத்துக்க" என்றார் அப்பா, வானத்தைப் பார்த்துக்கொண்டே.

கொளுத்துகிற நாளில் நாலு குச்சிதான் மிச்சம். மாமன் முகம் கோணாமல் நெருப்பு வைத்தார். தம்பி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினான்.

எங்கள் மாமனுக்குக் குடிசை கட்டத் தெரியாது, அப்பாவுக்கு மாடு கட்டத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இருவர் காதிலும் விழுந்தது. ஒருவர்கூட என்னை ஏன் திட்டவில்லை என்று அப்போது எனக்கு விளங்கவேயில்லை.