கோடு வளையாது

மேட்டூரிலிருந்து கரண்டுக் கம்பி எங்கள் ஊர் வழியாகப் போகப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பி போகும் பாதையில் மரம் எதையும் விட்டுவைக்க மாட்டார்களாம். எங்கள் கிணற்றடியில் இரண்டு புளியமரங்கள் இருந்தன. காட்டில் விளைச்சல் ஏமாற்றிய வருடங்களிலும் அவை எங்களை ஏமாற்றியதில்லை.

சர்வேக்காரர்கள் ஊருக்கு மேற்கே இரண்டு சிவப்புக் கொடிகளை நட்டுவிட்டு, மீதியைத் திங்கட்கிழமை நடுவதாகச் சொல்லி எடப்பாடிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கொடி எங்கே என்று ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் மூன்று கோடுகள் போட்டார். இரண்டு முனையும் உள்ளது கோட்டுத்துண்டு. ஒரு முனையில் தொடங்கி முடியாமல் போய்க்கொண்டே இருப்பது கதிர். இரண்டு பக்கமும் முடிவே இல்லாதது கோடு. இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டால் அவற்றின் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும் என்றார். எனக்குச் சட்டென்று மேற்கே நட்ட கொடிகள் ஞாபகம் வந்தன. இரண்டு கொடி என்றால் இரண்டு புள்ளி.

மணி அடித்ததும் தம்பியை இழுத்துக்கொண்டு ஓடினேன். முதல் கொடியருகே உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடினேன். இரண்டாவது கொடி அதற்குப் பின்னால் மறைந்தது. தம்பியிடம் ஆளுயரக் காய்ந்த சோளத்தட்டுகளைக் கொடுத்துக் காட்டுக்குள் ஓடவிட்டு, "வடக்க தள்ளு. இன்னுங் கொஞ்சம். அங்கியே நடு" என்று கத்தினேன். தட்டுக்குப் பின் தட்டாகக் கோடு நீண்டது. புளியமரங்களை நெருங்கியது, நெருங்கியது, நூறடிக்கு மேல் தள்ளி விலகிப் பண்ணைக்காரரின் தென்னந்தோப்புக்குள் நேராகப் புகுந்தது.

அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். மூன்று தடவை பார்த்தார்.

"நெசமாலுமா சாமி?"

"கோடு வளையாதுங்கப்பா."

அன்று அவர் இரண்டு உருண்டை களி சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு என் வாய் ஓயவில்லை. கடையில் சொன்னேன், தண்ணீர் சேந்தும் பெண்களிடம் சொன்னேன். சனிக்கிழமை பண்ணைக்காரரே கூப்பிட்டனுப்பினார். "அந்தக் கோடு எங்க போகுதுன்னு எனக்கும் காட்டு, கண்ணு" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் நான் சொன்னபடி மண்ணில் மண்டியிட்டு ஒற்றைக் கண்ணை மூடினார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு, "கெட்டிக்காரப் புள்ளை" என்று சொல்லி எனக்கு ஒரு இளநீர் வெட்டித் தரச் சொன்னார். மறுநாள் காலையில் அவருடைய வில்வண்டி எடப்பாடிப் பாதையில் போயிற்று. நான் கையசைத்தேன்.

திங்கட்கிழமை சர்வேக்காரர்கள் என் சோளத்தட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வடக்கே ஒதுங்கி, எங்கள் கிணற்றடியில், இரண்டு புளியமரங்களுக்கும் நடுவில் மூன்றாவது கொடியை நட்டார்கள்.

நான் ஓடிப்போய் ஆபீசர் முன்னால் நின்றேன். "தப்புங்க ஐயா. ரண்டு கொடிக்கும் ஒரே கோடுதானுங்க. அது தோப்புக்குள்ள போகுதுங்க."

அவர் காகிதத்தைச் சுருட்டினார். "இங்க திரும்புது, பாப்பா."

"எப்படீங்க திரும்பும்?"

அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த கொடி நட நடந்தார். அப்பா வந்து என் கையைப் பிடித்தார். திட்டவில்லை. "உடு சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஆபீசருக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்த பெரிய மனிதர் ஒருவர் ஊரில் இருக்கிறாரே, அவர் வந்து சொன்னால் கேட்காமல் போவார்களா? அப்பாவின் கையை உதறிக்கொண்டு, சாட்சிக்குக் கூட்டிவரப் பண்ணைக்காரர் வீட்டை நோக்கி ஓடினேன்.