ஜெயாவின் இருமலுக்கு ஒரு ஜெபம்

விளாத்திகுளம் பக்கம் நான் போதகராக இருக்கும் சிறிய சபையை இங்கிலாந்திலிருந்து பணத்தாலும் ஜெபத்தாலும் பல ஆண்டுகளாகத் தாங்கிவந்தவர் மார்த்தா அம்மையார். சென்ற ஆண்டு அவரைப் பார்க்க அங்கே போனேன். அவருக்கு நினைவு தப்பியிருந்தது. பெற்ற மகளையே தெரியவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் கண்களை மூடி எங்கள் கரிசலுக்கு மழை கேட்டார். பிறகு, "கர்த்தாவே, ஜெயாவின் இருமலைச் சுகமாக்கும்" என்றார்.

ஜெயா என் மனைவி; அவளுடைய இருமலுக்காக ஜெபிக்கும்படி முன்பு அம்மையாருக்கு எழுதியிருந்தேன். அந்த இருமலே அவளைக் கொண்டுபோய் ஒரு மழைக்காலமும் கழிந்திருந்தது. அம்மையாரின் மகள் பதறிப்போய்த் தாயின் கையைப் பிடித்தார். தடுக்க வேண்டாம் என்று தலையசைத்தேன்.

மறுநாள் ஊரிலிருந்த என் மகளிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, ஒங்க அம்மைக்குச் சுகம் கெடைக்கணும்னு மார்த்தாம்மா இங்கன இன்னும் ஜெபம் பண்ணுதாவ."

 அவள் கேட்டாள்: "நீங்க ஆமென் சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்ட்டி."

ஜெயாவை அடக்கம் செய்த அன்று என் வாயில் வராத சொல் அது.