முண்டியம்பாக்கம் வரைக்கும்

அம்மாவுக்கு முதலில் கை பேசும், பிறகுதான் வாய். அதனாலோ என்னவோ, விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குத் தியான வகுப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். ஒன்றைச் செய்யத் துடிக்கும்போது உடனே செய்யாதே, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுப் பார், அப்புறம் செய். இவ்வளவுதான் அங்கே சொல்லித் தந்தது. எங்களை அடிக்க ஓங்கிய கை அந்தரத்தில் நிற்கும், கண் மூடும். அந்த இடைவெளியில் நாங்கள் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவோம். தியானத்தின் மேல் எனக்கு அப்போது பெரிய மரியாதை. அப்பாதான், "கண்ண மூடிக்கினா பொங்குற சோறு நின்னுடுமா?" என்று கேலி செய்வார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். திண்டிவனத்தில் அத்தை பிள்ளைக்குக் காதுகுத்து. பாசஞ்சரில் எங்களை உட்கார வைத்துவிட்டு, கூஜாவில் தண்ணீர் பிடிக்க அப்பா இறங்கினார். குழாயடியில் கூட்டம். வண்டி ஊதியது, நகரவும் தொடங்கிவிட்டது. அப்பாவைக் காணோம்.

அம்மா கைக்குழந்தையான தம்பியை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் முந்தானையைப் பிடித்தபடி பின்னால். கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். கீழே பிளாட்பாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எறங்கும்மா! அப்பா இன்னும் ஏறலம்மா!" என்று கத்தினேன்.

அம்மா கண்ணை மூடினாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இதற்குமா தியானம்? கண்ணைத் திறந்தவள் படியிலிருந்த காலை உள்ளே எடுத்தாள். கதவோரம் தரையிலேயே உட்கார்ந்து, என்னையும் இழுத்து மடியோடு அழுத்திக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியதை வண்டியின் ஆட்டம் என்று நினைத்தேன்.

முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றதும், பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு அப்பா ஓடி வந்தார். கடைசிப் பெட்டியில் தொற்றி ஏறியிருக்கிறார். பாதித் தண்ணீர் சட்டையில்.

"என்னக் காணோம்னு எறங்கிட்டியோன்னு உசுரே போயிடுச்சுடி."

"எறங்கத்தான் போனேங்க" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. "அம்மா எறங்கவே இல்லப்பா. நான் கத்திக்கினே இருக்கேன், அது கண்ண மூடிக்கினு நின்னுச்சு."

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ அத்தனை பேர் பார்க்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மிச்சத் தண்ணீரை முதலில் அவளுக்குத்தான் ஊற்றிக் கொடுத்தார். புகார் சொன்ன என்னை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அப்பா வந்து சேர்ந்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், தப்புச் செய்த அம்மாவுக்கு எதற்கு உபசாரம் என்பது மட்டும் விளங்கவே இல்லை. திண்டிவனம் வரும்வரை இரண்டு பேரோடும் நான் பேசவில்லை.