நிறுத்தக் கூடாத சவாரி

வாடிக்கையாளரின் காரில் புது பிரேக் டிஸ்க்கை மாட்டி முடித்தாரென்றால், மெக்கானிக் அதை நேராக வீட்டுக்கு ஓட்டிப் போய் மனைவியை ஏற்றிக்கொள்வார். புது டிஸ்க் பிரேக் கட்டையோடு உரசிப் பழகிப் படிவதற்கு, வேகமெடுத்தும் குறைத்தும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டோடு நிறுத்தினால் அதில் தழும்பு விழுந்துவிடும். எவர் வீட்டுக் காரிலோ இருவரும் ஏரிக்கரையோரம் மிதந்து போவார்கள். தண்ணீர் மினுங்கி மினுங்கிப் பின்னால் நழுவும்.

“கொஞ்சம் நிறுத்துங்களேன், பாத்துட்டுப் போலாம்.”

“நிறுத்தக் கூடாதும்மா. டிஸ்க் வீணாப் போயிடும்.”

“கட்டிக்கிட்ட நாள்லேருந்து இதே பாட்டுதான்!” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் கிரீஸ் கறை இல்லாமல் அவர் வாசலில் வந்து நின்றார்.

“வண்டி எங்க?”

“இன்னிக்கு வண்டி இல்ல. செருப்பப் போட்டுட்டு வா. நின்னு பாக்கலாம்.”