கீழ்வீட்டில் பெய்த சாணி மழை

ரங்கூனுக்கு வந்த புதிதில் தாமுவே என்ற பேட்டையில் ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமையானால் அடுப்படியைச் சாணி கரைத்து மெழுகாமல் எனக்குச் சோறு இறங்காது. பலகைத் தரைக்கு இது ஆகுமா என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்படி ஒரு வெள்ளியன்று மெழுகிவிட்டு, விறகை நிறையத் திணித்து உலை வைத்தேன். கீழ்வீட்டுப் பர்மாக்காரி மா தின் தடதடவென்று படியேறி வந்தாள். அவள் கொண்டைப் பூவிலிருந்து சாணித் தண்ணீர் சொட்டியது. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று கதவைச் சாத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துப்போய், "மீ! மீ!" என்று மேலே காட்டினாள். என் அடுப்புக்கு நேர் அடியில் பலகை கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மீ என்றால் நெருப்பு என்று அப்போதே புரிந்துவிட்டது.

இருவரும் மேலே ஓடிக் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் ஊற்றினோம். பிறகு அவளே ஒரு பலகைப் பெட்டி கொண்டுவந்து, மணலை நிரப்பி, அதன்மேல் அடுப்பைத் தூக்கி வைத்தாள்.

சாயங்காலம் அவளிடம் அரைகுறைப் பர்மிய மொழியில் பேசிவிட்டு வந்த என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் சாணித் தண்ணி தலையில விழுந்ததாலதான் அண்ணாந்து பார்த்தாளாம். இல்லேன்னா வீடே போயிருக்கும்!"

என் தரைதான் அவளுக்குக் கூரை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வெள்ளி, துணியை ஒட்டப் பிழிந்து பயந்து பயந்து துடைத்தேன். பலகை இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், கீழே மா தின் குடையை விரித்துப் பிடித்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.