எந்த மைக்ரோபிராசசர் மலையேறும்?

இன்று ஸ்டாஃப் ரூமில் நடந்த கூத்தை, லீவில் இருக்கும் புண்ணியவான்களுக்காக இந்தப் பலகையில் குத்திவைக்கிறேன்.

பள்ளிக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறோம். அதற்குள் எந்த மைக்ரோபிராசசர் இருக்க வேண்டும் என்பதில் அடிதடி. அடித்துக்கொண்ட இருவரும் கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

“இசட்-எய்ட்டி தாங்க பிராசசர். மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்,” என்றார் பிசிக்ஸ் அருள்ராஜ்.

“அதச் செஞ்சவங்க பழைய கம்பெனிய விட்டு வெளியேறி எதிர்க்கடை போட்டவங்க. நீங்க முந்தின ஸ்கூல்ல முறைச்சுக்கிட்டு வந்தீங்கள்ல, அது மாதிரி,” என்றார் கணக்கு சேவியர்.

“நீங்க தூக்கிப்பிடிக்கிற அறுபத்தஞ்சு சைபர் ரெண்டு பிராசசர் மட்டும் என்னவாம்? அங்கயும் அதே கததான்,” என்றார் அருள்ராஜ்.

“ரெண்டுமே ஒரே எட்டு பிட் ரகந்தானே?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

“தமிழய்யாவுக்கு இதுல என்ன சோலி?” என்று இருவரும் சேர்ந்து பாய்ந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் எரிச்சலாகி, “சரி, மதுரைக்குப் போயி யாரு வாங்கிட்டு வாரது?” என்றார். கொடைக்கானல் வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வர வேண்டுமாம். உடனே இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு அன்பாக என் மனைவிகூடப் பார்த்ததில்லை.

நாளை விடிந்ததும் கிளம்புகிறேன். கடையில் எது கனம் குறைவோ, அதுதான் நம் பள்ளிக்கு. ஆட்சேபம் உள்ளவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். உங்கள் மடியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.